சித்தப்பா போட்ட ஆன்டிவைரஸை நான் எடுத்த கதை

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டதைப் பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் பெருமைப்படுவது, போட்டிருந்த ஒன்றை எடுத்ததற்காக. அப்போது சங்கரன்கோவிலில் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு இதுவே எனக்குச் சோறு போடுகிற வேலையாகிவிட்டது. எத்தனையோ ஆபீஸ் கம்ப்யூட்டர்களைச் சுத்தம் செய்து கொடுத்திருக்கிறேன். ஆனாலும் அந்தச் சனிக்கிழமை செய்ததற்கு ஈடாக எதையும் அதற்குப் பிறகு செய்யவில்லை என்று கூசாமல் சொல்வேன்.

எங்கள் கம்ப்யூட்டர் முன்னறையில், பிரிட்ஜுக்குப் பக்கத்தில், அம்மா பின்னிய உறையைப் போர்த்திக்கொண்டு இருந்தது. அப்பா ஒரு அரசு ஆபீஸில் கிளார்க். அம்மா பள்ளிக்கூட டீச்சர். அஞ்சல் வழியில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தாள். சமைத்து முடித்து, பரீட்சைத் தாள் திருத்தி முடித்து, மிச்சம் கிடைக்கிற நேரத்தில் உட்கார்ந்து இரண்டே விரலால் ஆய்வேட்டைத் தட்டுவாள். பக்கத்து வீட்டில் விசைத்தறி. தறிச் சத்தம் நின்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். யுபிஎஸ் பத்து நிமிஷம் தாங்கும் என்றாலும், சத்தம் நின்ற மறுநொடி அம்மாவின் விரல் தானாக சேவ் செய்துவிடும்.

அந்த வருடம் யாரோ கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து வைரஸ் ஏறி, ஃபோல்டரெல்லாம் காணாமல் போய், ஒருவழியாகத் திரும்பக் கிடைத்தன. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த மாதிரி அப்பா இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். கேட்ட சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? முதலில் சித்தப்பா வந்தார். அப்பாவின் தம்பி, தென்காசியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை. ஒரு சிடியைப் போட்டு, காசில்லாமல் ஓடும்படி ஏதோ வித்தையும் செய்து, ஓர் ஆன்டிவைரஸை ஏற்றிவிட்டுப் போனார். அடுத்து வந்தது மாமா, அம்மாவின் அண்ணன். துபாயிலிருந்து லீவில் வந்தவர், தங்கச்சியின் படிப்புக்கென்று பெட்டியோடு வாங்கிவந்த இன்னொன்றை ஏற்றினார். முதலில் இருப்பதை எடுத்துவிட்டு இதைப் போடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் செய்திருக்க மாட்டார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வழிக்கு ஒரு சால்வை போட்டால் பெண் வழிக்கும் ஒன்று போட வேண்டுமே. அதே மரியாதையைக் கம்ப்யூட்டருக்குள்ளும் காப்பாற்றினார்கள்.

"ரெண்டு இருந்தா நல்லதுதான. டபுள் பாதுகாப்பு" என்றார் அப்பா.

இரண்டும் வைரஸைப் பிடித்ததோ இல்லையோ, ஒன்றையொன்று திருடன் என்று பிடித்துக்கொண்டன. ஆன் செய்துவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வந்தாலும் திரை அப்படியே நிற்கும். மவுஸ் அம்பு யோசித்து யோசித்து நகரும்.

திங்கட்கிழமை திருநெல்வேலியில் ஆய்வேட்டைக் கொடுக்கக் கடைசி நாள். சனிக்கிழமை காலையில் கடைசி அத்தியாயம் திறக்கவே இல்லை. பென் டிரைவில் எடுத்து வெளியே பிரிண்ட் போடலாம் என்று செருகினால், இரண்டும் போட்டி போட்டு அதைச் சோதிக்க ஆரம்பித்து மொத்தமும் உறைந்துபோனது.

"நாளைக்கு மத்தியானம் தம்பி சாப்பிட வருவாம்லா, அவன் பாத்துக்கிடுவான்" என்றார் அப்பா.

"நாளைக்கு ஞாயித்துக்கிழம. பைண்டிங் கடை தொறந்திருக்குமா?" என்று அம்மா கேட்டாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மாமா கொண்டுவந்த பெட்டியை, பளபளப்புக்காக நான் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். உள்ளே இங்கிலீஷில் ஒரு குட்டிப் புத்தகம். அதை எழுத்துக்கூட்டி வாசித்தேன். வேறு ஆன்டிவைரஸ் இருந்தால் முதலில் அதை நீக்கவும் என்று இரண்டாம் பக்கத்திலேயே போட்டிருந்தது. அம்மாவிடம் காட்டினேன்.

"அப்பம் ரெண்டுல எத எடுக்கணும்?"

அதையும் பார்த்து வைத்திருந்தேன். மாமாவுடையது முந்தின நாள்கூட அப்டேட் ஆகியிருந்தது. சித்தப்பாவுடையது போட்ட நாளிலிருந்து ஒரு தடவைகூட ஆகவில்லை. அவர் செய்த வித்தையினால் இனி ஆகவும் ஆகாது. புதிதாக எந்த வைரஸ் வந்தாலும் அதற்கு அடையாளம் தெரியாது. "சித்தப்பாவோடத" என்றேன்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள். என் இங்கிலீஷில் அவளுக்குச் சந்தேகம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு, "எடு" என்றாள்.

ஒவ்வொரு கிளிக்குக்கும் ஐந்து நிமிஷம் காத்திருந்து, ஒருவழியாக நீக்கு என்ற பொத்தானை அழுத்தினேன். பச்சைக் கோடு பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்தபோது பக்கத்து வீட்டுத் தறி நின்றது. யுபிஎஸ் கீச்சிட ஆரம்பித்தது. பாதியில் அணைந்தால் கம்ப்யூட்டர் திரும்ப எழுந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. அம்மா என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'விடு, எழுந்திரு' என்று சொல்லவில்லை. கீச்சல் நெருங்கி நெருங்கிக் கேட்க ஆரம்பித்தபோது கோடு முடிந்தது.

கரண்ட் வந்து தறி ஓடத் தொடங்கியதும் ஆன் செய்தேன். இரண்டே நிமிஷத்தில் கம்ப்யூட்டர் எழுந்தது. கடைசி அத்தியாயம் திறந்தது. சாயங்காலத்துக்குள் பிரிண்ட் போட்டு, கறுப்பு அட்டையில் பைண்டிங்கும் ஆகிவிட்டது. நான் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

மறுநாள் கோவில் ஆராதனை முடிந்து சித்தப்பா சாப்பிட வந்தார். வந்தவர் வழக்கம்போல நேராகக் கம்ப்யூட்டரிடம் போனார். திரையின் மூலையில் அவர் போட்டது இல்லை. சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டார்.

"என்ன மைனி, நம்ம போட்டதக் காணல? அவரு போட்டது மட்டும் இருக்கு?"

அப்பா சட்டென்று முந்திக்கொண்டார். "சின்னப் பிள்ள, தெரியாமத் தொட்டு அழிச்சிட்டா. விடுலே."

தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன். அம்மா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"தெரியாம இல்ல தம்பி. புஸ்தகத்த வாசிச்சு, ரெண்டையும் பாத்து, தெரிஞ்சுதான் எடுத்தா. நான்தான் எடுக்கச் சொன்னேன்."

சித்தப்பா மறுசோறு கேட்கவில்லை. அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரவும் இல்லை. அப்பா அம்மாவிடம் நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நானும் பேசவில்லை. அப்பா காப்பாற்றிவிட்டார், அம்மா காட்டிக்கொடுத்துவிட்டாள்; என் கணக்கு அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டு குழம்பை ஊற்றியிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அவளுடைய வேலைதான் முடிந்துவிட்டதே. திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு, அல்வாப் பொட்டலத்தோடு திரும்பி வந்தாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

அம்மா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. "ஏட்டி, இனிமே சனிக்கெழமதோறும் அப்டேட் ஆயிருக்கான்னு நீதான் பாக்கணும். உங்கப்பாவோ வேற ஆருமோ தொடப்பிடாது. ஒன் பொறுப்பு" என்றாள்.

நான் விறைப்பாகத் தலையை ஆட்டினேன். செய்த தப்புக்கு அம்மா போட்ட தண்டனை அது என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.