கப்பல் பார்த்த கை

செய்தி வந்தபோது காலை பத்தரை மணி. பல் மருத்துவமனையின் முன்னறையில் தங்கை அடுத்த நோயாளியைக் கூப்பிட வாயெடுத்திருந்தாள். போனில் அண்ணனோடு வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் திக்கித் திணறினார். மொட்டைமாடி மோட்டார் அறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த அண்ணன் எழுந்திருக்கவில்லையாம். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, எல்லாம் முடிந்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்ற லிஃப்டுக்குள் யாராவது கூச்சல் போட்டால், கதவை நெம்பிக்கொண்டே நாடக வசனம் பேசுவார். "யாரும்மா உள்ள? ரூம் வேணுமா? கடல் பக்கம் காலி இல்ல, சமையக்கட்டுப் பக்கம்தான் இருக்கு!" உள்ளே அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துக்கொண்டு வெளியே வருவார்கள். தலைக்கு மேல் வேலை கிடந்தாலும் சாயங்காலமானால் கையிலிருக்கும் கிரீஸைத் துடைத்துவிட்டு ஒத்திகைக்கு ஓடிவிடுவார்.

இப்போது ஒத்திகையில் இருந்த நாடகம் அவரே எழுதியது. நீச்சல் வீரன் என்று பொய் சொல்லிக் கல்யாணம் செய்துகொண்டவன், மனைவியோடு கடற்கரை விடுதிக்கு வந்து மாட்டிக்கொண்டு முழிக்கிற கதை. அவர்தான் புருஷன். தங்கை விடுதிக்காரி. தண்ணீரில் இறங்கச் சொல்லி அவள் அதட்டும்போது அவர் சொல்ல வேண்டியது: "நான் இறங்கினா கடல் பொங்கி வழியும், கரையில இருக்கறவங்க பாவம் இல்லையா?"

குழுவில் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். யாருக்கும் வசனம் முழுசாக மனப்பாடம் ஆகாது. அதற்கும் அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மறந்துபோனால் வாயைப் பிளந்துகொண்டு நிற்கக் கூடாது. கையை நெற்றியில் வைத்துக் கடலைப் பார்க்க வேண்டும். எதிரில் இருப்பவர் அந்த வசனத்தைத் தன் பேச்சோடு சேர்த்து எடுத்துக் கொடுப்பார். பார்க்கிறவர்கள் கப்பல் பார்ப்பதாக நினைத்துக்கொள்வார்கள். இயக்குநரான பள்ளிக்கூட வாத்தியார்தான் தலையில் அடித்துக்கொள்வார். "எத்தனை கப்பல்யா வருது? இது கடற்கரையா, துறைமுகமா?"

சாவதற்கு முந்தின நாள் சாயங்காலமும் அந்தக் காட்சிதான். அண்ணன் கை நெற்றிக்குப் போனது. தங்கை சட்டென்று எடுத்துக் கொடுத்தாள். மறுபடி ஆரம்பித்தார்கள். அதே இடத்தில் மறுபடியும் கை போனது. கண்ணை இறுக்கி மூடியிருந்தார். இன்னொரு கை நாற்காலியைப் பிடித்திருந்தது.

"என்னண்ணே, கண்ணை மூடிக்கிட்டே கப்பல் பார்க்கறே? கெட்டிக்காரன்தான்!" என்றாள். அறையே சிரித்தது. அவரும் சிரித்தார். கை மட்டும் நெற்றியிலேயே இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அண்ணி கேட்டாள், "அன்னிக்கு ஒத்திகையில தலைவலின்னு ஏதாச்சும் சொன்னாரா, குட்டி?"

"சொல்லல அண்ணி."

சொல்லவில்லைதான். ஆனால் நெற்றியிலேயே இருந்த அந்தக் கையைப் பற்றி அவளும் சொல்லவில்லை. வேலைக்குப் போனாலும் நோயாளிகள் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியவில்லை. அண்ணிக்குத் தெரிந்தால் அந்த வீட்டு வாசலை இனி எந்த முகத்தோடு மிதிப்பது? தெரியாமலே இருந்தால், அண்ணி போட்டுத் தரும் டீயை எப்படிக் குடிப்பது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணியே கூப்பிட்டனுப்பினாள். கூடத்தில் அண்ணனின் வேலைச் சட்டைகள் துவைத்து மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"நாடகம் போடற அன்னிக்கு முதல் வரிசையில உக்காந்து பாரு, அதுவரைக்கும் எட்டிப் பார்க்காதேன்னு சொல்லிட்டாரு. நானும் மண்டு மாதிரி கேட்டுக்கிட்டேன்." அண்ணி சுவரோரமாக உட்கார்ந்தாள். "கடைசியா எப்படி நடிச்சாரோ, அப்படியே நடிச்சுக் காட்டு."

"வேணாம் அண்ணி."

"எனக்குப் பார்க்கணும்டி."

தங்கை எழுந்து நின்றாள். தொப்பையைத் தள்ளிக்கொண்டு அண்ணன் நடக்கிற மாதிரி நடந்தாள். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விடுதிக்காரி அதட்டினாள். புருஷன் திரும்பினான். தங்கையின் கை நெற்றிக்குப் போனது. கண் மூடியது. அதற்கு மேல் நடிக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இங்கதான் அண்ணி நின்னாரு. ரெண்டு தடவை. நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு. மறந்துட்டாருன்னு நினைச்சு வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். கேலி பண்ணேன். எல்லாரும் சிரிச்சோம்."

அண்ணி அவள் கையைப் பார்த்தாள்.

"கடல் பொங்கி வழியும்கிறதா?"

"ம்."

"அதை மறந்தாராமா? பல்லு விளக்கும்போதுகூட அதைத்தானே சொல்லிக்கிட்டிருந்தாரு. உனக்குத் தெரியாதா?"

தங்கைக்குத் தெரியும்.

அண்ணி திட்டவில்லை. அழவும் இல்லை. எழுந்து உள்ளே போய், நாடகத்துக்காக அண்ணன் வாங்கியிருந்த வாத்து வடிவ நீச்சல் வளையத்தைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள்.

"இது உங்க குழுவோடது. எடுத்துக்கிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு சமையலறைக்குள் போனாள். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. டீ போடுகிறாளா, பாத்திரம் கழுவுகிறாளா என்று தெரியவில்லை. தங்கை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

வளையம் காற்றில்லாமல் துவண்டு கிடந்தது. வாத்தின் கழுத்தில் இருந்த ஓட்டைக்கு அண்ணன் ஒட்டுப் போட்டிருந்தார். வயிற்றில் இருந்த ஓட்டையைச் சுற்றிப் பேனாவால் வட்டம் மட்டும் போட்டிருந்தது.