தேங்காய் உடைத்த கல்லில் எழுத்து இருக்கிறது

உங்கள் தெருமுனையில் மஞ்சள் பூசி, பூ வைத்த கல் ஏதாவது நிற்கிறதா? நின்றால், தயவுசெய்து அதைச் சுத்தம் பண்ண இப்போதே ஓடாதீர்கள். பழைய கல்லைத் திருடனிடமிருந்து காப்பாற்ற ஒரு பூட்டு போதும். பாசக்காரர்களிடமிருந்து காப்பாற்றத்தான் என்னைப் போல ஆட்கள் வேண்டியிருக்கிறது.

நான் கிருஷ்ணகிரிப் பக்கம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கல்யாணமாகி, எல்லை தாண்டி, கன்னடமும் தமிழும் கலந்து புழங்கும் பொம்மனஹள்ளிக்கு வந்தேன். பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கும் ஒரு சின்னக் குழுவில் வேலை. தெருத்தெருவாகப் போய், "இது நடுகல், சண்டையில செத்த வீரனுக்கு நட்டது, கன்னடத்துல வீரகல்லு, பத்திரமா பாத்துக்குங்க" என்று சொல்ல வேண்டும். இடுப்பில் என் ஒன்றரை வயது மகள். ஊருக்கு நல்லது சொல்லப் போய் வாங்கிக் கட்டிக்கொண்ட எல்லோரும் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

முதல் நாள், முதல் அடி

ஆட்டோ ஸ்டாண்டை ஒட்டி ஒரு நடுகல். இடுப்பளவு உயரம். கையில் வாளோடு வீரன், காலடியில் மாடுகள். ஆட்டோக்காரர்களுக்கு அவர் முனீஸ்வரன். கும்பிடாமல் முதல் சவாரி கிளம்பாது. நான் உற்சாகமாக ஆரம்பித்தேன்: "இது சாமி இல்லண்ணா. மாடு திருட வந்தவங்களோட சண்டை போட்டுச் செத்த ஒரு ஆளு." ஸ்டாண்டுத் தலைவர் மஞ்சுநாத், தமிழைத் தண்ணி பட்ட பாடாகப் பேசும் கன்னடக்காரர், பாக்கைத் துப்பிவிட்டு வந்தார்.

"அப்போ இத்தனை வருஷமா நாங்க உடைச்ச தேங்காயெல்லாம் யாருக்கு மேடம் போச்சு?"

வெள்ளி வீரன்

மறுநாளே பேச்சை மாற்றினேன். "மாட்டைக் காப்பாத்தி உயிரை விட்டதாலதான் அவரு சாமியானாரு" என்றதும் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டது. ஆயுத பூஜைக்கு ஆட்டோவுக்கு அடித்த பெயிண்டில் மிச்சத்தை வீரன் மேல் பூசிவிட்டார்கள். வெள்ளி நிறத்தில் பளபளவென்று நிற்கிறார்; கறுப்பில் மீசை வேறு.

"பெயிண்ட் அடிச்சா உள்ள ஈரம் நின்னு கல்லு செதில் செதிலா உரிஞ்சிடும்ணா" என்றேன். உடனே ஒருவர் பாத்ரூம் கழுவும் ஆசிட் எடுக்க ஓட, பின்னாலேயே ஓடிப் பிடித்தேன். எங்கள் குழுவில் இதற்கென்றே படித்த ஒருவர் பஞ்சும் மருந்துமாக வந்து, பொறுமையாக உட்கார்ந்து எடுத்தார். கடைசியாக மீசை போனபோது மஞ்சுநாத்துக்குத் தாங்கவில்லை.

"வீரன்னு நீங்கதானே சொன்னீங்க? மீசை இல்லாம எப்படி மேடம்?"

டைல்ஸ் மேடை

இதுதான் பெரிய கண்டம். எதிரில் பூக்கடை வைத்திருப்பவர் செல்வி அக்கா. தினமும் கல்லுக்கு விளக்கேற்றுபவரும் அவர்தான். தெருக்காரர்களைப் பேசிச் சம்மதிக்க வைத்து, கல்லைச் சுற்றி டைல்ஸ் மேடைக்கு ஏற்பாடு செய்துவிட்டார். முழங்கால் உயரத்துக்குக் கான்கிரீட். கல்லின் அடிப்பாகம் மொத்தமும் உள்ளே போய்விடும். அங்கேதான் எழுத்து இருந்தது. இதுவரை யாரும் படிக்காத எழுத்து. மறுநாள் காலை மேஸ்திரி வருகிறார்.

"வேணாங்க்கா" என்றால், "தெரு நாய் வந்து காலைத் தூக்குதே, அது பரவாயில்லையா?" என்கிறார். நியாயமான கேள்வி.

சாயங்காலம் கல்லின் அடியில் தண்ணீர் தெளித்து, மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தேன். நிழல் விழுந்ததும் வரிவரியாக எழுத்து எழும்பி வந்தது. ஸ்டாண்டே குனிந்து பார்த்தது. "நோடி, பாருங்க, இது கன்னடா" என்றார் மஞ்சுநாத். "யோவ், கண்ணைத் தொறந்து பாரு, தமிழு" என்றார் செல்வி அக்கா. இரண்டு பேருக்கும் ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. எனக்கும்தான். படிக்கத் தெரிந்தவர் ஞாயிற்றுக்கிழமை வருவார் என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். காலையில் மேஸ்திரி சிமெண்ட் மூட்டையோடு வந்து இறங்க, குறுக்கே போய் நின்றது செல்வி அக்காதான்.

"கல்லு கிட்ட வராத! அது தமிழுன்னு இந்தாளுக்குக் காட்டாம நான் மூட விடமாட்டேன்!"

ஞாயிற்றுக்கிழமைத் தீர்ப்பு

வந்தவர் வெகுநேரம் தடவிப் பார்த்துவிட்டு, "பழைய கன்னடம்" என்றார். மஞ்சுநாத் விசில் அடித்தார். செல்வி அக்கா முகம் தொங்கிப்போனது. இனி அக்கா மறுபடி மேஸ்திரியைக் கூப்பிட்டுவிட்டால்? அதற்குள் படிக்க வந்தவர் வீரனின் பெயரையும் வாசித்தார்: மாரய்யா. அக்கா சட்டென்று நிமிர்ந்தார்.

"எங்க மாமனார் பேரு மாரியப்பன். பாஷை எதுவானா என்ன, ஆளு எங்காளு!"

அப்புறம் மேடையாவது ஒன்றாவது! கல்லிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கம்பி வேலி, நாய்க்கும் வழியில்லை. விளக்கும் தேங்காயும் வேலிக்கு வெளியே. கல்லை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஊருக்குச் சொல்லித்தரப் போன எனக்குக் கிடைத்த பதவி உயர்வு, போன வாரம் கம்பி வழியாக என் மகள் கையை நீட்டியபோது மஞ்சுநாத் ஆட்டோவிலிருந்து போட்ட சத்தம்தான்: "மேடம், கொஞ்சம் பாப்பா கையைப் புடிச்சுக்குங்க, பிஸ்கட் எழுத்துக்குள்ள போகுது!"