மேனேஜருக்கு மூன்று தம்ளர் தண்ணீர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படித்தது அஞ்சாம் வகுப்பு. நடந்ததில் பாதி மறந்தும் போச்சு. பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் உசிலம்பட்டியில் ஒரு பேங்கில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அரை நேர வேலைதான். நாகமலை புதுக்கோட்டையிலிருந்து காலை முதல் பஸ்ஸில் போவேன். பெருக்கி, மேசை துடைத்து, பானையில் தண்ணீர் நிறைத்து, கிளார்க்குகள் கொடுக்கும் வவுச்சரை மேனேஜர் அறைக்குக் கொண்டுபோக வேண்டும். நாளைக்கு வராதே என்று எப்போது வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். வீட்டுக்காரர் வண்டியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து கிடந்தார். என் வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

முதல் மேனேஜருக்குப் பேச்சே ஆகாது. வவுச்சரை மேசையின் இடது ஓரத்தில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வந்துவிட வேண்டும். ஒருதரம் லீவு கேட்டுப் போய் நின்றேன். "எப்பப் பாத்தாலும் ஏதாச்சும் கேட்டுக்கிட்டு நிக்காத, போ" என்று வள்ளென்று விழுந்தார். அதிலிருந்து எது வேண்டுமானாலும் கேஷியர் அண்ணனிடம் சொல்வேன், அவர்தான் மேனேஜர் காதில் போடுவார். பேசாமல் இருப்பது எனக்குச் சுலபம். நான்கு வருஷம் அப்படியே ஓடியது.

அவர் மாற்றலாகிப் போனபின் வந்தவர் நேர் எதிர். அறைக்கதவைத் திறந்தே வைப்பார். வந்த வாரமே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "என்ன வேணும், சொல்லுங்க" என்று கேட்டார். என்னையும் கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணும் வேணாம் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பழைய மேனேஜரிடம் அதுதான் சரியான பதில்.

கொஞ்ச நாளில், என்னையும் வாட்ச்மேனையும் போன்ற அரை நேர ஆட்களை முழு நேரமாக்க மதுரை ஆபீஸிலிருந்து பட்டியல் கேட்டார்கள். கேஷியர் அண்ணன் என்னிடம் வந்தார்.

"ஏத்தா, பட்டியல்ல வாட்ச்மேன் பேரு மட்டுந்தான் இருக்கு. ஒனக்கு வேணாம்னு நீயே சொன்னியாம்ல?"

"அண்ணே, நீங்க சொல்லுங்களேன்."

"சொல்லாமயா இருப்பேன். வேணும்னா அவங்களே வந்து கேக்கட்டும்கிறாரு. சாயங்காலத் தபால்ல போயிரும். அம்புட்டுத்தான் நேரம்."

வெறுங்கையோடு போய் நிற்க வரவில்லை. ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்துப் போனேன். வைத்தேன், வந்துவிட்டேன். மறுபடி ஒன்று. மூன்றாவது தம்ளரோடு போனபோது அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா, என்னைய ஊறப் போடப் போறியா?"

வெளியே கிளார்க்குகள் சிரித்தார்கள்.

"பட்டியல்ல என் பேரு..."

"அன்னைக்கு ஒண்ணும் வேணாம்னியே."

"முன்ன இருந்த சார்கிட்ட கேட்டா கோவிப்பாரு."

"நான் அவரா?"

"இல்ல சார். வேணும் சார்."

டைப் அடித்திருந்த தாளின் அடியில் பேனாவால் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பேனாவால் எழுதியது செல்லுமா செல்லாதா என்று மாசக்கணக்கில் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. தபால்காரர் சைக்கிள் வந்தாலே விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். உத்தரவு வந்தபோது அந்த மேனேஜரும் பசுமலைப் பக்கம் மாற்றலாகியிருந்தார். அவர் நாற்காலியில் புதியவர். அவரிடம் கையெழுத்து வாங்கினால்தான் வேலையில் சேர்ந்ததாகக் கணக்கு. அவர் எப்படிப்பட்டவர் என்று கேஷியர் அண்ணனுக்கே தெரியவில்லை. அறை வாசலில் நின்று நின்று பார்த்தேன். பிறகு உள்ளே போய், "சார், எனக்கு ஒரு கையெழுத்து வேணும்" என்றேன்.

"குடுங்க" என்றார்.

வாட்ச்மேனுக்கும் எனக்கும் உத்தரவு ஒரே நாளில் வந்ததா, எனக்குப் பிந்தி வந்ததா என்பது நினைவில் இல்லை. அப்போது அங்கே வேலை பார்த்தவர்கள் யாராவது வாசித்தால், சரிபார்த்துச் சொன்னால் நல்லது.