கைக்குட்டை விரித்த நாற்காலி

தொழிற்சாலை வருகிறதென்று கவரைப்பேட்டைப் பக்கம் எங்கள் நெல் வயல்களை அரசு எடுக்கத் தொடங்கிய எழுபதுகளில்தான் அவரைப் பார்த்தேன். நிலமெடுப்பு அதிகாரி. ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. எங்கே போனாலும் நாற்காலியில் கைக்குட்டையை விரித்துவிட்டுத்தான் உட்காருவார். எங்கள் ஆட்சேபணையை விசாரிக்கவும் அவரே வந்து உட்கார்ந்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னா சார் இது? நெலத்த எடுக்கணும்னு எயுதினதும் நீங்க, அது சரியான்னு விசாரிக்கிறதும் நீங்களா? எங்க ஊரு பஞ்சாயத்துல தன்னோட விசயம் வந்தா நாட்டாமையே எயுந்து வெளிய பூடுவாரு!"

"நியாயம்தான்" என்றார். கைக்குட்டையை மடித்து எடுத்துக்கொண்டு வராந்தாவில் போய் நின்றார். குமாஸ்தா கோப்பைத் திறந்து, அதிகாரி முன்பே கையெழுத்துப் போட்டு வைத்திருந்த உத்தரவை வாசித்தார்: ஆட்சேபணை தள்ளுபடி.

எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதிகாரி திரும்பி வந்து, கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார்.

"நான் வெளியேதானே இருந்தேன்? இப்போ திருப்திதானே?"

கேலி என்றால் அங்கேயே திட்டித் தீர்த்திருப்பேன். அந்த மனிதர் உண்மையாகவே கேட்டார்.