அக்கா ஒதுக்கிய குச்சிகள்

மலையகத்தில், நோர்வூட்டுக்குக் கீழே ஆற்றோரமாக ஒரு பழைய மாட்டுக் கொட்டகை இருந்தது. ஐம்பதுகளில் ஒரு வருடம், மழை விட்டதும் கொழும்பிலிருந்து ஒரு தொரை வந்து அதில் கடை விரித்தார். ஆற்றுச் சரளையைக் கழுவிச் சலித்து, மிஞ்சுவதைக் காயவைத்துப் பொறுக்க இரண்டு பெண்கள் வேண்டுமாம். ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் குச்சி பொறுக்கிக்கொண்டிருந்த என்னையும் அக்காவையும் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அனுப்பினார்.

அக்காவுக்கு முழங்கால் வீங்கி மலை ஏறிக் கொழுந்து பறிக்க முடியாது. ஸ்டோர்த் தூசியோ அவளை இருமவைத்தே சாகடித்தது. தூசியில்லாத, உட்கார்ந்து செய்கிற வேலை என்றதும் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

தொரைக்குத் தமிழ் தெரியாது. இங்கிலீஸில் நீளமாக என்னவோ சொன்னார். கணக்கப்பிள்ளை அதைச் சுருக்கினார்: "தேயில பொறுக்குற மாதிரிதான். சுத்தமாப் பொறுக்குங்க."

நான் சலிக்க, அக்கா பொறுக்கினாள். ஸ்டோரில் பழுப்பாக, குச்சியாக எது கண்ணில் பட்டாலும் ஒதுக்க வேண்டும். கை அதற்கே பழகியிருந்தது. சாயங்காலம் தட்டு நிறைய வெள்ளைக் கற்கள் பளிச்சென்று இருந்தன. தொரை பார்த்துவிட்டுக் கத்தினார். அவருக்கு வேண்டியது கல்லாகிப்போன எலிப்பல், மீன்முள், தவளை எலும்பு. அதில் ஒன்றை எடுத்து முன்னாலேயே காட்டியிருந்தால் கை தேய்ந்தா போயிருக்கும்?

பிறகு மூலையில், சாக்கின்மேல் அக்கா ஒதுக்கிவைத்த 'குச்சி'களைக் கண்டார். மண்டியிட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தார். சிரித்தார். எலும்பு ஒன்றுகூடக் கல்லோடு போகவில்லை. அத்தனையையும் பஞ்சு வைத்துச் சின்னச் சின்னக் குப்பிகளில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை கணக்கப்பிள்ளை அக்காவை வழியிலேயே நிறுத்தினார். "நீ மலைக்குப் போ. சொன்னது வெளங்காத ஆளு தொரைக்கு வேணாமாம்."

"அவ பொறுக்குனதத்தானே குப்பியில போட்டுக்கிட்டாரு?" என்று கேட்டேன்.

"நீ சின்னவ, கண்ணு நல்லாருக்கு. பேசாம வேலையப் பாரு."

அக்கா திரும்பிப் போய்க் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். நல்ல பெயர் வாங்கினால் அவளைத் திரும்பக் கூப்பிடச் சொல்லலாம் என்றுதான் அங்கே இருந்தேன்.

இப்போது தொரை எல்லாம் எடுத்துக் காட்டினார், கணக்கப்பிள்ளை தமிழில் சொன்னார். உளிபோல வளைந்தது எலியின் முன்பல். நடுவில் குழி விழுந்த பொத்தான் மாதிரி இருப்பது மீனின் முதுகெலும்பு. கூர்கூராக இருந்தால் வௌவாலின் கடைவாய்ப்பல். ஆனால் தனிப்பல்லை வைத்து எந்த வௌவால் என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம். பல்லோடு ஒரு தாடை கிடைக்காதா என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் கிடைத்தது. நெல்மணி நீளம்தான், மூன்று பல் வரிசையாக. அதைக் கைக்குள் மூடிக்கொண்டு கணக்கப்பிள்ளையிடம் போனேன்.

"அக்காவத் திரும்பக் கூப்பிடச் சொல்லுங்க."

அவர் சொன்னார். தொரை தலை நிமிராமலே பதில் சொன்னார்.

"குப்பைக்கும் எலும்புக்கும் வித்தியாசம் தெரியாதவ எதுக்குன்னு கேக்குறாரு."

கொட்டகைக்கு வெளியே வந்து கையிலிருந்ததை ஆற்றில் வீசினேன். அப்போதுதான் தொரை எழுந்து எட்டிப் பார்த்தார்.

"என்னா எறிஞ்ச?" என்றார் கணக்கப்பிள்ளை.

"குச்சிங்க," என்றேன்.

வீட்டில் கிடந்த கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். அக்கா தன் தேயிலைச் செடி நிரையின் பாதியில், முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மிச்ச நிரையின் கொழுந்தை நான் எடுத்தேன்.