நாற்பத்தெட்டு நாள் லேகியம்

போன வாரம் ஆம்பூரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஒருவன் என் கையில் நோட்டீஸ் ஒன்றைத் திணித்தான். ஆண்மையும் மன உற்சாகமும் தரும் மூலிகை லேகியமாம், ஒரு மண்டலம் சாப்பிட்டால் போதுமாம். ஐம்பதைத் தாண்டியவனுக்கு இது எதற்கு என்று நீங்கள் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலாகக் கிழித்து அவன் கண்ணெதிரே சாக்கடையில் போட்டேன்.

“இன்னா பெர்சு, காலங்காத்தால பேஜார் பண்ற?” என்றான்.

அவனுக்கென்ன தெரியும்? அந்த லேகியத்தின் வாசனை எனக்கு இன்னும் மறக்கவில்லை. நெய், பனைவெல்லம், அமுக்கராக் கிழங்கு. அமுக்கராவை இடிக்கும்போது குதிரை லாயத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். ஆனால் நாற்றத்தைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. வாலிபத்தில் அந்த லேகியத்தைத் தின்ற காலத்தில் நான் தோல் ஷாப்பில் ஆவாரம்பட்டைத் தொட்டியில் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தேன். தோலைப் பதப்படுத்தும் பட்டைத் தண்ணீர் தோலோடு என்னையும் சேர்த்துப் பதப்படுத்தியது. முழங்கை வரை பழுப்பு. எத்தனை சீயக்காய் தேய்த்தாலும் அந்த வீச்சம் போகாது.

அந்த வருஷம்தான் கல்யாணம். குடியாத்தத்தில் தறி நெய்யும் குடும்பத்துப் பெண், பேர் முனியம்மா. வந்த நாலாம் நாள் எனக்குச் சோறு போடும்போது முந்தானையால் மூக்கை மூடினாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் சுவரைப் பார்த்துப் படுத்தேன். பேச்சு நின்றது, சிரிப்பு நின்றது. ஜலதோஷமா என்று கேட்டிருக்கலாம். கேட்கிற புத்தி இருந்தால் நான் ஏன் இப்படி எழுதிக்கொண்டிருக்கிறேன்?

என் அண்ணன் அதே ஷாப்பில் மேஸ்திரி. செத்துப்போனவரைத் திட்டக் கூடாதாம். நான் திட்டுவேன். எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாத மனுஷன். நான் சுவரைப் பார்த்துப் படுப்பது அண்ணி காதில் விழுந்து அண்ணனுக்குப் போய், அண்ணன் வாயிலிருந்து தொட்டிக்குத் தொட்டி பரவியது.

“இன்னாடா, உடம்புல சத்து கம்மியா? வெக்கப்படாத. வைத்தியர இட்டாறேன்.”

வந்த வைத்தியன் நாடியைப் பிடித்தான், என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. காலையும் மாலையும் நெல்லிக்காய் அளவு லேகியம், மேலே பால். புளி கூடாது, கத்தரிக்காய் கூடாது. கடைசியாகச் சொன்னான் பாருங்கள், மண்டலம் முடியும் வரை பெண்டாட்டி பக்கத்தில் இருக்கக் கூடாது! ஒட்டாத இரண்டு பேரை ஒட்டவைக்கப் பிரித்து வைக்கிற வைத்தியம். அந்தக் காலத்தில் இதை யாரும் கேள்வி கேட்கவில்லை. நானும்தான்.

முனியம்மா தாய்வீடு போக மாட்டுவண்டியில் ஏறுமுன் கேட்டாள்: “நான் இன்னா தப்பு பண்ணேன்?”

“மருந்து சாப்டணும்” என்றேன்.

லேகியம் வேலை செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். பசி வந்தது, மலச்சிக்கல் வந்தது. சோர்ந்து கிடந்த மனசில் கோபம் வந்தது. நாற்பத்தோராம் நாள் முதலாளி வீட்டு விசேஷத்தில் பிரியாணி. ஆறு வாரமாகப் போகிறது நாக்கு செத்து. கூட வைத்த புளிக் கத்தரிக்காயை விரல் விரலாக நக்கினேன். அண்ணன் பார்த்துவிட்டார்.

“பத்தியம் போச்சு. மொதல்லர்ந்து ஆரம்பி.”

மறுபடி நாற்பத்தெட்டு நாள். அண்ணன் வாய்க்குப் பூட்டு ஏது? அவன் ஆம்பளையே இல்லையாம் என்று பேச்சு குடியாத்தம் சந்தை வரை போய்விட்டது. முனியம்மாவின் அண்ணன் பஞ்சாயத்து கூட்டினான். அன்றைக்கும் காலை உருண்டையை விழுங்கிவிட்டுத்தான் போனேன்.

பெண்கள் பேசக் கூடாத இடத்தில் அவள் எழுந்து நின்றாள். “தோல் ஷாப்பு வேலைன்னு தெரிஞ்சிதான் கட்டிக்கினேன். எம் பக்கம் திரும்பி ஒரு வார்த்த ஏன் பேசல? அத மட்டும் சொல்லச் சொல்லுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணன் முந்திக்கொண்டார். “மருந்து சாப்ட்டுக்கினு இருக்கான்மா.”

நான் தலையைக் குனிந்தேன். தாலியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாள். மறுவருஷம் வேறு ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

இப்போது ஆவாரம்பட்டை வண்டிகள் முன்போல வருவதில்லை. கப்பலில் ஏதோ சீமைப்பட்டை வருகிறது. நான் இறங்கிய தொட்டிகளைத் தூர்த்து அதன் மேல் கிடங்கு கட்டிவிட்டார்கள். எனக்குத் தோல் எண்ணும் வேலை. கை வெளுத்துவிட்டது, உடம்பில் ஒரு வாசனையும் இல்லை. வைத்தியனும் போனான், அண்ணனும் போனார். முனியம்மா எந்த ஊரில் இருக்கிறாள் என்று தெரியாது.

அவள் கேட்டதற்கு ஒரே வரிதான் பதில். என் மேல் நாறுகிறது என்று நினைத்துத்தான் திரும்பிப் படுத்தேன். இதை இதுவரை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.