510510-க்கு அடுத்த சீட்டு

கரங்கான் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில், பழக்குலை ஏற்றி வரும் லோரிகளை எடை போட்டுச் சீட்டு கொடுப்பது என் வேலை. சீட்டுகளில் ஆறு இலக்க எண்கள் வரிசையாக வரும். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிவம் ஆறோடு என் படிப்பு நின்றுவிட்டது. எண்களைக் காரணிகளாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை. அதை யாரிடமும் சொன்னதில்லை. கேட்பவர்கள் இருப்பார்கள் என்று தோன்றவுமில்லை.

510510 வருவதற்காகப் பல வாரங்கள் காத்திருந்தேன். 510-ஐ 1001-ஆல் பெருக்கினால் வரும் எண் அது. முழுதாகப் பிரித்தால் 2, 3, 5, 7, 11, 13, 17. முதல் ஏழு பகா எண்களும் ஆளுக்கொரு முறை உள்ளே உட்கார்ந்திருக்கும். இதைவிடச் சிறிய எந்த எண்ணிலும் இந்த ஏழும் சேர்ந்திருக்காது.

அந்தச் சீட்டு, செர்டாங்கிலிருந்து வரும் ஓர் ஓட்டுநருக்குப் போனது. ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். அடக்க முடியாமல் அவரிடம் சொல்லிவிட்டேன். சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், இதற்கு அடுத்த எண் எப்படி என்று கேட்டார். இந்த ஏழில் எதால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சும், அதனால் அது பகா எண்தான் என்று பெருமையாகச் சொன்னேன்.

பத்து நாள் கழித்து, கணக்குப் போட்ட ஓர் அட்டைத் துண்டை என் சன்னலில் வைத்தார்.

“பத்தொம்போதுல போகுதும்மா.”

அவர்தான் தவறியிருப்பார் என்று நினைத்தேன். கால்குலேட்டரில் இரண்டு முறை தட்டினேன். 19 பெருக்கல் 26869, சரியாக 510511. அந்த ஏழு எண்களால் வகுபடாது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. மற்ற எண்களைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

“நான் சொன்னது தப்புண்ணே.”

“நீங்க சொல்லலன்னா நான் போட்டே பாத்திருக்க மாட்டேன்லா.”

தொடக்கப் பள்ளி ஆறாம் ஆண்டோடு தோட்ட வேலைக்குப் போனவர் அவர். லோரி வரிசையில் காத்திருந்த நேரத்தில் நாலு, ஆறு, பதினெட்டு என்று ஒன்றையும் விடாமல் வகுத்திருக்கிறார். பகா எண்களை மட்டும் போட்டுப் பார்த்தால் போதும் என்றேன். பாதி வேலை மிச்சமாயிருக்குமே என்று சிரித்தார்.

பிறகு, இன்னும் உடையுமா என்று 26869-ஐப் பிடித்துக்கொண்டோம். ஒவ்வொரு நடையிலும், இருபத்து மூன்றில் போகவில்லை, இருபத்தொன்பதில் போகவில்லை என்று சொல்லிவிட்டுப் போவார். கைத்தொலைபேசியில் தட்டினால் ஒரு நிமிட வேலை. நான் தட்டவில்லை. மற்ற ஓட்டுநர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

தொண்ணூற்று ஏழில் அது உடைந்தது. அன்று அவர் லோரியை விட்டு இறங்கியே வந்தார். ஈவாக வந்த 277-ஐ அவர் எதிரிலேயே 2-இலிருந்து 13 வரையுள்ள பகா எண்களால் வகுத்துக் காட்டினேன். எதிலும் போகவில்லை. பதினேழின் வர்க்கமே 289 என்பதால் அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை.

“இனிமே உடையாதாம்மா?”

“உடையாதுண்ணே.”

அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பின்னாலிருந்த லோரி ஹாரன் அடித்தது. இத்தனை வருடம் இதை எனக்கு மட்டுமே என்று ஏன் பூட்டி வைத்திருந்தேன் என்று யோசித்துக்கொண்டே அடுத்த சீட்டை எடுத்தேன்.